மான் போட்டோவுக்குக் கீழ என்ன எழுதறீங்க?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்ங்க.

போன வாரம் நம்ம பேப்பர் மாவட்டப் பக்கத்துல ஒரு மான் போட்டோ வந்துச்சு, ஒகேனக்கல் போற ரோட்டுல வாசகர் ஒருத்தர் கார்ல இருந்தே எடுத்ததுன்னு போட்டு, கீழ "கழுத்தில் படுகாயம், பட்டினியால் மெலிந்த மான், கண்டுகொள்ளுமா வனத்துறை"ன்னு எழுதியிருந்தீங்க. காலையில பேப்பர்ல வந்தது மத்தியானத்துக்குள்ள பென்னாகரத்துல இருக்கிற எல்லா வாட்ஸ்அப் குரூப்லயும் சுத்திடுச்சு, ஒருத்தர் நாய் கடிச்சதுங்கறார், ஒருத்தர் நாட்டுத்துப்பாக்கி குண்டுங்கறார், இன்னொருத்தர் அமெரிக்காவுல வர்ற ஜாம்பி மான் வியாதி நம்மூருக்கும் வந்துடுச்சுன்னு இங்கிலீஷ் வீடியோ ஒண்ணையும் சேத்து அனுப்பறார், சாயங்காலம் பாத்தா நாலஞ்சு பசங்க பைக்ல கீரைக்கட்டும் வாழைப்பழமும் எடுத்துக்கிட்டு மானைக் காப்பாத்தப் போறோம்னு கெளம்பிட்டாங்க. நல்ல மனசு உள்ள பசங்கதான், அவங்களைக் குத்தம் சொல்லல. ஆனா நீங்க போட்ட அந்தப் போட்டோவுல, நீங்க எழுதுன ரெண்டு விஷயத்துக்குமே ஆதாரம் இல்லீங்க, அதைச் சொல்லத்தான் எழுதறேன்.

நான் கால்நடைத்துறையில ஆய்வாளரா வேலை பாத்து ரிட்டயர் ஆனவன். மாடும் ஆடும்தான் என் தொழில், மானுக்கு நான் டாக்டர் இல்ல. ஆனா மானும் அசைபோடற பிராணிதான், ஒடம்பு எளைச்சா எந்த எடத்துல மொதல்ல எளைக்கும், வயிறு எந்தப் பக்கம் ரொம்பும்ங்கறதுல மாட்டுக்கும் அதுக்கும் பெரிய வித்தியாசம் கெடையாது.

மொதல்ல அந்தக் கழுத்து விஷயம். போட்டோவுல இருக்கிறது புள்ளிமான் இல்ல, கடமான். வளந்த கடமானுக்குக் கழுத்தோட அடிப்பக்கத்துல, தொண்டைக்குக் கொஞ்சம் கீழ, உள்ளங்கை அகலத்துக்கு முடி இல்லாம செவப்பா ஒரு எடம் இருக்கும், சில சமயம் ஈரமா ரத்தம் கசியற மாதிரியே தெரியும். கெடாவுக்கும் வரும் பொட்டைக்கும் வரும், இனச்சேர்க்கை சமயத்துலயும் சினையா இருக்கும்போது பால் குடுக்கும்போதும் நல்லா தெரியும்னு பாத்தவங்க எழுதி வெச்சிருக்காங்க. அது வாசனை சுரக்கற சுரப்பின்னு ஒரு கட்சி, இல்ல ஒருவகை நூல்புழுவால வர்ற புண்ணுன்னு இன்னொரு கட்சி, அந்த வழக்கு இன்னும் முழுசா தீரல. ஆனா எந்தக் கட்சிக்காரரும் அதை நாய்க்கடின்னோ குண்டுக்காயம்னோ சொல்றதில்ல. அந்தப் புண்ணோடயே கடமான் மேயுது, குட்டி போடுது, ஓடுது. வருஷா வருஷம் எங்கயாவது ஒரு பேப்பர்ல இந்தக் கழுத்து செய்தியா வந்துக்கிட்டேதான் இருக்கு.

இதே ஜாதியில இன்னொண்ணு இருக்கு, கண்ணுக்குக் கீழ இருக்கிற பள்ளம். கடமான் பயந்தாலோ கோவப்பட்டாலோ அந்தச் சுரப்பியை நல்லா விரிச்சுக் காட்டும், உள்ள செவப்பா சதை தெரியும், போட்டோவுல பாக்கறவனுக்குக் கண்ணைத் தோண்டி எடுத்துட்டாங்களோன்னு தோணும். அப்புறம் ராத்திரி தானியங்கிக் கேமராவுல விழற மானுக்குக் கண்ணு ரெண்டும் வெள்ளையா பல்பு எரியும், அது குருடு இல்ல, ராத்திரி வெளிச்சத்தைத் திருப்பி அனுப்பற சவ்வு கண்ணுக்குள்ள இருக்கறதால அப்படி, நம்ம வீட்டு மாட்டு மேல டார்ச் அடிச்சாலும் அதேதான்.

கொம்புதான் பெரிய குழப்பம். ஆட்டுக்கொம்பு, மாட்டுக்கொம்பு, வெளிமான் கொம்பு எல்லாம் ஆயுசுக்கும் இருக்கறது, புள்ளிமான் கடமான் கொம்பு அப்படி இல்ல, விழுந்து திரும்ப மொளைக்கும். மொளைக்கும்போது மேல ரத்த ஓட்டம் உள்ள தோல் மெத்துனு மூடியிருக்கும், கொம்பு முத்துனதும் அந்தத் தோல் காஞ்சு கிழிஞ்சு தொங்கும், மான் அதை மரத்துல தேச்சுத் தேச்சு உரிக்கும். அந்த ரெண்டு மூணு நாள்ல யாராவது போட்டோ எடுத்துட்டா தலையெல்லாம் ரத்தக் கந்தலா தொங்கும், பாக்கறவங்களுக்கு வயித்தைக் கலக்கும், ஆனா மானுக்கு அது வருஷாந்திர வேலை. வெளிநாட்டுல குளிர் நாட்டு மானுக்கு எல்லாத்துக்கும் ஒரே சீசன்ல கொம்பு விழும், நம்ம புள்ளிமானுக்கு அப்படிக் கட்டாயம் இல்ல, ஒரே கூட்டத்துல ஒண்ணுக்கு முத்துன கொம்பு, ஒண்ணுக்குத் தோல் மூடுன கொம்பு, ஒண்ணு மொட்டைத்தலைன்னு நிக்கும், அந்த மொட்டைத்தலையைப் பாத்து கொம்புக்காக யாரோ வெட்டிட்டாங்கன்னு எழுதிடக் கூடாது.

இப்ப எளைப்பு. பட்டினின்னு எப்படிக் கண்டுபிடிச்சீங்க, விலா எலும்பு தெரிஞ்சதை வெச்சுத்தானே? போச்சம்பள்ளி சந்தையில ஆடு வாங்கறவன் ஆட்டைப் பாத்ததும் வெலை பேச மாட்டான், முதுகெலும்புக்கு ரெண்டு பக்கமும் வெரலை வெச்சு அமுக்கி சதை எவ்வளவு இருக்குன்னு தடவிப் பாத்துட்டுத்தான் வாயைத் தெறப்பான், ஏன்னா கண்ணு ஏமாத்தும். காட்டு மானைத் தொட முடியாது, கண்ணை மட்டும்தான் நம்பணும், அப்ப கண்ணு எங்க பாக்கணும்ங்கறதாவது தெரிஞ்சிருக்கணும். விலா எலும்பு நல்ல மானுக்கே தெரியும், அதுவும் காலையில வெயில் சாய்ஞ்சு விழும்போது ஒவ்வொரு எலும்புக்கும் ஒரு நெழல் விழும், அதே மானை உச்சி வெயில்லயோ மேகமூட்டத்துலயோ எடுத்தா வழவழன்னு இருக்கும். போன்ல ஃபில்டர் போட்டு கான்ட்ராஸ்ட் ஏத்திவிட்டா கேக்கவே வேணாம்.

பாக்க வேண்டியது பின்பக்கம். வால் அடி, பிட்டம், இடுப்பெலும்பு. நல்லா இருக்கிற மானுக்குப் பிட்டம் உருண்டையா இருக்கும், கொஞ்சம் எளைச்சா அந்த உருண்டை போயி தட்டையாகும், ரொம்ப எளைச்சா வாலுக்கு ரெண்டு பக்கமும் குழி விழுந்து இடுப்பெலும்பு முட்டிக்கிட்டு நிக்கும், முதுகெலும்பு கணுக்கணுவா எண்ணற மாதிரி தெரியும். நியூசிலாந்துல மான்களை ஆராய்ச்சி பண்ணுன ரைனிங்கறவர் 1960ல எழுதுன கட்டுரையிலயே இந்த மாதிரி தூரத்துல இருந்து பாத்து நல்லது, சுமார், மோசம்னு பிரிக்கற முறையைச் சொல்லிட்டார், இன்னைக்கும் உலகம் பூரா காட்டு மிருகத்துக்கு இதையே கொஞ்சம் மாத்தி மாத்தித்தான் பயன்படுத்தறாங்க. உங்க போட்டோவுல என்ன ஆச்சுன்னா, அழகுக்காகத் தலையும் கழுத்தும் முன்னங்காலும் மட்டும் இருக்கற மாதிரி வெட்டிட்டீங்க. பின்பக்கமே இல்லாத போட்டோவுல பட்டினின்னு சொல்றதுக்கு வழியே இல்லீங்க.

கடமானுக்கு இன்னொரு சிக்கல், அதுக்கு முடி நீளம், பரட்டையா இருக்கும், குளிர்காலத்துல இன்னும் அடர்த்தி, அந்த முடிக்குள்ள எளைச்ச ஒடம்பு ஒளிஞ்சுக்கும். இனச்சேர்க்கை சீசன்ல கெடா சேத்துல பொரண்டு எழுந்து வந்து நிக்கும்போது பாத்தா சொறி புடிச்ச மாதிரியே இருக்கும், அது வெறும் சேறு.

வயிறு பத்தி ஒண்ணு சொல்லியே ஆகணும், ஏன்னா இது எங்க தொழில் ரகசியம்னே வெச்சுக்கலாம். அசைபோடற பிராணிக்குப் பெருவயிறு இடது பக்கம். கடைசி விலாவுக்குப் பின்னாடி இடது பக்கத்துல இருக்கற பசிக்குழி மேஞ்சுட்டு வந்தா மூடிக்கும், மேயாம இருந்தா உள்வாங்கும். அதனால ஒரே மானை ஒரே நேரத்துல இடது பக்கம் எடுத்தா கொழுத்த மாதிரியும் வலது பக்கம் எடுத்தா ஒட்டுன வயிறாவும் தெரியலாம். மேல அந்தக் குழி காட்டறது இன்னைக்கு நேத்து மேஞ்சுச்சாங்கறதை மட்டும்தான், மாசக்கணக்கா ஒடம்புல சேந்த கொழுப்பை இல்ல. விடிகாலையில மேயப் போறதுக்கு முன்னாடி எடுத்த போட்டோவையும் பொழுது சாய மேஞ்சு திரும்பும்போது எடுத்ததையும் பக்கத்துல பக்கத்துல வெச்சு ஒண்ணு நோஞ்சான் ஒண்ணு கொழுத்ததுன்னு சொல்லக் கூடாது. இதுக்கு நேர்மாறாவும் இருக்கு, வயிறு பெருசா பிட்டம் ஒட்டிப்போயி இருந்தா அதுதான் கவலை, சினையா இருக்கலாம், வயித்துல புழுவா இருக்கலாம், டூரிஸ்ட் வீசிட்டுப் போன பிளாஸ்டிக் பையைத் தின்னு அது வெளிய போகாம அடைச்சுக்கிட்டு இருக்கலாம். சென்னையில ஊருக்கு நடுவுல இருக்கற மான்களுக்கு இந்தக் கதி வந்தது பேப்பர் படிக்கற எல்லாருக்கும் தெரியும். ஒகேனக்கல் ரோட்டு ஓரத்துல கெடக்கற சிப்ஸ் கவரைப் பாத்தா நமக்கு அது ரொம்ப தூரத்துல இல்லைன்னுதான் தோணுது.

எந்த மாசம் எடுத்ததுங்கறது இல்லாம எதுவுமே பேச முடியாது. நம்ம தருமபுரி கிருஷ்ணகிரி காடு பெரும்பாலும் வறண்ட காடு, மாசி பங்குனியில இருந்து புல்லு காஞ்சு சருகாயிடும், கோடை மழை ஏமாத்துனா சித்திரை வைகாசியில மானு எளைச்சுத்தான் இருக்கும், எங்க வீட்டு மாடே அப்ப எளைச்சுத்தான் நிக்குது. அது மழை பேஞ்சு துளிர் வந்ததும் தேறிக்கும். அதே எளைப்பு ஐப்பசி கார்த்திகையில, புல்லு இடுப்பு ஒசரம் நிக்கும்போது, ஒரு கூட்டத்துல பாதி மானுக்கு இருந்தா அப்பதான் ஆபீசருங்க தூக்கம் கெடணும். குட்டிக்குப் பால் குடுக்கற தாயும் எளைக்கும், பொட்டைக்காக மாசக்கணக்கா சண்டை போட்டுக் கத்திக்கிட்டுத் திரியற புள்ளிமான் கெடா தீனியை மறந்து எலும்பு தெரிய வத்திப்போகும். இதெல்லாம் வியாதிக் கணக்குல வராது.

அப்ப போட்டோவுல உண்மையான நோய் தெரியவே தெரியாதான்னு கேப்பீங்க. தெரியும், சிலது. வால் அடியும் பின்னங்கால் உள்பக்கமும் கருப்பா ஈரமா அப்பிக்கிட்டு இருந்தா கழிச்சல். வாயில இருந்து கயிறு கயிறா எச்சி ஒழுகி, காலைத் தூக்கித் தூக்கி வெச்சா கோமாரியா (வாயும் குளம்பும் புண்ணாகற நோய்) இருக்கலாம், ஆனா நொண்டறது போட்டோவுல தெரியாது, நடக்கும்போது தூக்குன காலும் நொண்டற காலும் ஸ்டில்ல ஒண்ணுதான், அதுக்கு வீடியோ எடுக்கணும். காதுலயும் கண்ணைச் சுத்தியும் உண்ணி கொத்துக்கொத்தா இருக்கறது, முடி பளபளப்பு இல்லாம குத்திட்டு நிக்கறது, மூக்குல சளி கட்டி நிக்கறது, இதெல்லாம் சேந்து இருந்தா சரி, கவனிக்க வேண்டியதுதான். புள்ளிமான் கூட்டமா இருக்கற பிராணி, கூட்டம் ஓடும்போது ஒண்ணு மட்டும் தலை தொங்கப்போட்டு காது மடங்கி நின்னா சந்தேகப்படலாம். கடமான் தனியா நின்னா சந்தேகப்பட ஒண்ணும் இல்ல, அதோட சுபாவமே பெரும்பாலும் தனியாவோ ரெண்டு மூணாவோ இருக்கறது. ஒடம்புல கட்டி கட்டியா இருந்தா அது என்னன்னு போட்டோ பாத்து எந்த டாக்டராலயும் சொல்ல முடியாது, 2022ல வடக்க மாடுங்க கொத்துக்கொத்தா செத்த தோல் கழலை நோய் ஞாபகத்துல கட்டின்னாலே அந்தப் பேரைச் சொல்றாங்க, அது தப்பு.

அந்த ஜாம்பி மான் சமாச்சாரம். அது நெசமான நோய்தான், 1967ல அமெரிக்காவுல கொலராடோவுல அடைச்சு வெச்சிருந்த மான்கள்ல மொதல்ல கவனிச்சாங்க, அப்புறம் கனடா, இறக்குமதி மான் வழியா தென்கொரியா, 2016ல நார்வே. கிருமி வைரஸும் இல்ல பாக்டீரியாவும் இல்ல, உருமாறிப்போன ஒரு புரதம், மூளையைத் தாக்கும். மான் எளைச்சு, எச்சி ஒழுகி, தள்ளாடும். ஆனா நான் மேல சொன்ன பல காரணத்தாலயும் அதே எளைப்போ எச்சியோ வரும், செத்த மானோட மூளைத்தண்டையோ நிணநீர்க் கணுவையோ பரிசோதிச்சுத்தான் உறுதி பண்றாங்க. இந்தியாவுல இதுவரைக்கும் இந்த நோய் பதிவாகல. ஒகேனக்கல் ரோட்டுல கார் கண்ணாடி வழியா எடுத்த ஒரு படத்தை வெச்சு அதைக் கண்டுபுடிக்கறதா இருந்தா அந்த வாட்ஸ்அப் நண்பருக்கு நோபல் பரிசுதான் குடுக்கணும்.

பசங்க போன விஷயத்துக்கு வர்றேன். மானைத் தொரத்திப் புடிச்சா, புடிச்ச எடத்துல உயிரோட இருக்கும், தண்ணி காட்டுனா குடிக்கக்கூடச் செய்யும், அப்புறம் சில மணி நேரத்துலயோ ரெண்டு மூணு நாள்லயோ செத்துப்போகலாம். பயத்துலயும் ஓட்டத்துலயும் தசை உள்ளுக்குள்ளயே சிதைஞ்சு, அந்தக் கழிவு கிட்னியை அடைச்சுடும், காட்டு மிருக டாக்டருங்க மயக்க ஊசி போடறதுக்கே யோசிக்கறது இதனாலதான். நோயே இல்லாத மானை நாம காப்பாத்தப் போயி சாகடிக்கறது அப்படித்தான் நடக்குது. தின்னக் குடுக்கறதும் அப்படியே, எலையும் புல்லும் தின்னு பழகுன பெருவயித்துக்குத் திடீர்னு சோறு, ராகி, பிரெட்னு போனா உள்ள புளிச்சு அமிலம் ஏறி வயிறு உப்பிச் சாகும், கல்யாண வீட்டு மிச்ச சோத்தைத் தின்னு செத்த மாடு எத்தனையோ நான் பாத்திருக்கேன். குட்டி தனியா படுத்திருக்கற போட்டோவுக்கு "தாயை இழந்த மான்குட்டி"ன்னு எழுதறதையும் தயவுசெஞ்சு நிறுத்துங்க, தாய் குட்டியைப் பொதர்ல ஒளிச்சு வெச்சுட்டு மேயப் போறது வழக்கம், பொழுது சாய வந்து பால் குடுக்கும், நாம தூக்கிக்கிட்டு வந்துட்டாதான் அது நெசமாவே அநாதை.

செத்துக் கெடக்கற மான் போட்டோ வந்தா அதுக்கு மட்டும் அவசரம் காட்டுங்க. மூக்கு, வாய், ஆசனவாய்ல இருந்து கருப்பா உறையாத ரத்தம் வந்திருந்தா அடைப்பான் நோயா (ஆந்த்ராக்ஸ்) இருக்கலாம், 2022ல கேரளா அதிரப்பள்ளியில காட்டுப்பன்னிங்க அதுல செத்துச்சு. அதைத் தொடக் கூடாது, தோல் உரிக்கக் கூடாது, வயித்தைக் கிழிச்சுப் பாக்கவே கூடாது, உள்ள இருக்கற கிருமி காத்து பட்டதும் வித்து ஆகி மண்ணுல வருஷக்கணக்கா கெடக்கும். வனத்துறைக்கும் பக்கத்து கால்நடை மருந்தகத்துக்கும் சொல்லிட்டு ஆட்டை மாட்டை அந்தப் பக்கம் ஓட்டாம இருக்கணும்.

வாசகர் போட்டோவே போடாதீங்கன்னு நான் சொல்ல வரலீங்க. அஞ்செட்டி, உரிகம், ஜவளகிரி பக்கத்துக் காட்டை 2014ல காவிரி வடக்கு சரணாலயம்னு அறிவிச்சாங்க, 504 சதுர கிலோமீட்டர், 2022ல காவிரி தெற்குன்னு இன்னொண்ணு, 686 சதுர கிலோமீட்டர், ரெண்டும் நம்ம ரெண்டு மாவட்டத்துலதான். அவ்வளவு காட்டுல ஃபாரஸ்ட் கார்டுங்க எத்தனை பேரு இருக்காங்கன்னு உங்க நிருபருக்கே தெரியும். ரோட்டுல போற ஜனங்க எடுக்கற படம் வருஷம் முழுக்கச் சேந்தா, எந்த மாசத்துல எந்தப் பக்கத்து மானு எளைக்குது, உண்ணிச்செடிப் பொதர் (லாண்டானா) மூடுன எடத்துல எப்படி இருக்கு, மாடு அதிகமா மேயற எடத்துல எப்படி இருக்குன்னு பாக்கறதுக்கு அதைவிடப் பெரிய ரெக்கார்டு கெடைக்காது. ஒரு மானைப் பாத்து எதுவும் சொல்ல முடியாது, ஒரே எடத்துல நூறு மானைப் பாத்தா நெறைய சொல்லலாம். ஆனா ஒண்ணு, ரோட்டோரத்துல நின்னு போஸ் குடுக்கற மான் பொதுவா தேறுனதுதான், நோஞ்சான் செந்நாய்க்கும் சிறுத்தைக்கும் எப்பவோ போயிருக்கும், அதனால கொம்பு வளந்த அழகான கெடா படமா வருதேன்னு காடு சொகமா இருக்குன்னும் முடிவு கட்ட முடியாது.

அதுக்கு நீங்க செய்ய வேண்டியது, படம் எடுத்த தேதியும் நேரமும் கேட்டு வாங்கிப் போடுங்க. எந்த வனச்சரகம்னு போதும், எந்த வளைவு எந்த ஓடைன்னு போடாதீங்க, வேட்டைக்காரனும் பேப்பர் படிக்கறான். பக்கவாட்டுல முழு ஒடம்பு, முடிஞ்சா பின்பக்கம் ஒண்ணு, வெட்டாம அனுப்பச் சொல்லுங்க, வண்டியை விட்டு எறங்க வேணாம்னு சேத்துச் சொல்லுங்க. கீழ என்ன தெரியுதோ அதை எழுதுங்க, "கழுத்தில் சிவந்த பகுதியுடன் கடமான்", அவ்வளவுதான். காயமா நோயாங்கறதை ஒரு கால்நடை மருத்துவர்கிட்ட போன்ல கேட்டுட்டு அப்புறம் எழுதலாம், அஞ்சு நிமிஷ வேலை.

இன்னொண்ணு. மானுக்குக் கோமாரி வந்தா பெரும்பாலும் காட்டோரத்துல மேயற நம்ம மாட்டுக்கிட்ட இருந்துதான் வந்திருக்கும், ஆட்டுக்கொல்லி நோயும் அப்படித்தான் ஆட்டுல இருந்து தொத்தும். கோமாரிக்கு 2019ல இருந்து மத்திய அரசுத் திட்டத்துல ஆறு மாசத்துக்கு ஒரு தடவை இலவசமா ஊசி போடறாங்க, இருந்தும் காட்டோர ஊருல மாட்டை ஓட்டிக்கிட்டு வராம பால் கொறைஞ்சுடும்னு சாக்கு சொல்ற ஆளுங்க இன்னும் இருக்காங்க. மான் படம் போடற அதே மாவட்டப் பக்கத்துல அந்த முகாம் எந்த ஊருல எந்தத் தேதின்னு போடுங்க, டெண்டர் விளம்பரத்துக்கு நடுவுல பொடி எழுத்துல போட்டா எங்க பக்கம் யாரும் படிக்கறதில்லீங்க.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற கால்நடை ஆய்வாளர்,
பென்னாகரம் வட்டம், தருமபுரி மாவட்டம்.